கமராவுக்குப் பின்னால் யார்?



பி.பி.சி. தொலைக்காட்சியிலே செய்தி வாசிப்பவரின் முகம் முதன்முறையாகத் தோன்றியது 1955ஆம் ஆண்டில். அதுவரை குரல் மட்டுமே கேட்டது. முகத்தைக் கண்டால் மக்களின் கவனம் செய்தியை விட்டு அகன்றுவிடும் என்று நிலையத்தார் அஞ்சினர்.

அக்காலத்தில் ஒவ்வொரு கமராவின் பின்னாலும் ஒரு மனிதர் நின்றார். வாசிப்பவர் சற்றே சாய்ந்தால் அவரும் கமராவைத் திருப்பினார். 2013ஆம் ஆண்டில் பி.பி.சி. செய்திப் பிரிவு இலண்டனிலுள்ள புதிய ஒலிபரப்பு மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள செய்திக் கலையகத்திலே கமராக்கள் ஆளின்றித் தாமே நகர்ந்தன.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? கமரா நிற்கவேண்டிய இடம், உயரம், கோணம் ஆகியவற்றை முன்கூட்டியே கணித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துக் கணினியிற் பதிந்து வைக்கிறார்கள். செய்தி நிரலோடு அவ்வெண்களை இணைத்துவிட்டால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒரு விசையை அழுத்துவதே போதும்; கமரா தன் இடத்தை அடையும், படமும் எழுத்தும் முறைப்படி தோன்றும். இரவு பகலாகச் செய்தி வழங்கும் நிலையங்களுக்கு இது செலவைக் குறைக்கிறது. பொறி சோர்வதுமில்லை.

ஆனால், எண் பிழைத்தால்? கமரா வெற்று நாற்காலியை உற்று நோக்கும்; அல்லது பேசுகிறவரின் தோளை மட்டும் காட்டும். அது பிழையென்று பொறிக்குத் தோன்றாது. 2017 ஜூன் 20ஆம் நாள், பி.பி.சி.யின் இரவு பத்து மணிச் செய்தி தொடங்கும் வேளையிலே கணினி அமைப்புப் பழுதுற்றது. செய்தி வாசிப்பவர் ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் வாய் திறவாது அமர்ந்திருந்த காட்சியே ஒளிபரப்பாயிற்று. வானொலியில் இத்தகைய மௌனம் நேர்ந்தால் நீங்கள் வேறு நிலையத்தைத் திருப்பிவிடுவீர்கள். தொலைக்காட்சியோ அந்தச் சங்கடத்தையும் படமாகக் காட்டிவிடுகிறது.

எனினும், பழி முழுவதையும் பொறியின் மேற் சுமத்துதல் நீதியன்று. 2006 மே 8ஆம் நாள், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்காகப் பி.பி.சி.க்கு வந்து காத்திருந்த கை கோமா என்பவரை, கை கியூனி என்னும் தொழில்நுட்ப எழுத்தாளர் எனக் கருதி நேரடி ஒளிபரப்பில் அமர்த்திவிட்டனர். முதற்பெயர் ஒன்றாயிருந்ததே மயக்கத்துக்குக் காரணம். திகைத்த முகத்தோடு அவர் வினாக்களுக்குப் பணிவாக விடையளித்தார். அங்கே பிழைத்தது பொறியன்று, மனிதரே.

ஆகவே, பிழை இரு பாலார்க்கும் பொது. வேறுபாடு ஒன்றே: மனிதன் தன் பிழையைக் கண்டு வெட்கி, உடனே திருத்த முயல்வான், பொறி இட்ட கட்டளையை இட்டவாறே செய்துகொண்டிருக்கும். கமராவைத் தள்ளும் வேலையைப் பொறிக்குக் கொடுக்கலாம். ஆனால், "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரமுள்ள ஒருவர் விழித்த கண்ணோடு கலையகத்தில் இருத்தல் வேண்டும். அவருடைய சம்பளத்தை வீண்செலவென்று கணக்கிடும் நிலையம், செய்தியின் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு என்ன விலை என்பதையும் எண்ணிப் பார்ப்பது நன்று.