கல் எங்கே இருக்கிறது?

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் திருவரங்குளத்தைத் தாண்டும்போதெல்லாம் என் கண் சர்வே கல்லைத்தான் தேடும். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன தெரியும்? வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுகிறார்கள், வாஸ்துகூடப் பார்க்கிறார்கள். மனையின் நாலு மூலைக் கல்லையும் நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கேட்டுக்கொண்டிருக்கிற நீங்களே சொல்லுங்கள்.

நிலம் அளப்பது நமக்குப் புதிதா என்ன? முதலாம் இராசராசன் காலத்தில் சோழநாட்டை அளந்தார்கள். 1086-இல் முதலாம் குலோத்துங்கன் மறுபடி அளக்க வைத்தான். ஓர் ஊரைக் கொடையாகக் கொடுத்தால், எல்லை நெடுகப் பெண்யானையை நடத்தி, அது போன தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டதாகச் செப்பேடுகள் சொல்கின்றன. ஊரே கூடி நின்று பார்க்க யானை நடந்தால், பிறகு யார் மறுக்க முடியும்? சிவன் கோயில் நிலமென்றால் சூலம் பொறித்த கல், பெருமாள் கோயில் நிலமென்றால் சக்கரம் பொறித்த கல். திருவரங்குளம் சிவன் கோயில் கல்வெட்டுகளிலும் நிலம் கைமாறிய சேதிகள் உண்டு. அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள்.

யானைக்கு அப்புறம் வெள்ளைக்காரன் சங்கிலி வந்தது. 66 அடி நீளம், 100 லிங்கு. நாம் வாய்க்கு வாய் சொல்கிற சென்ட் அதிலிருந்து வந்ததுதான்: ஆயிரம் சதுர லிங்கு, அதாவது 435.6 சதுர அடி. இப்போது பட்டாவில் ஏர் கணக்கில் இருக்கும். ஓர் ஏர் என்றால் ஏறக்குறைய 2.47 சென்ட்.

ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் எஃப்.எம்.பி. என்கிற புலப்படம் இருக்கிறது. கல்லுக்குக் கல் எவ்வளவு தூரம் என்று அதில் எழுதியிருக்கும். அதனால் கல்லே காணாமல் போனாலும் அது இருந்த இடம் காணாமல் போகாது. ஒருமுறை எங்கள் பக்கம் ஒரு வீட்டை அளக்கப் போயிருந்தேன். வடகிழக்குக் கல்லைக் காணோம். பக்கத்து வீட்டார் பிடுங்கிவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். கிடைத்த இரண்டு கல்லிலிருந்து டேப் பிடித்தோம். இரண்டு அளவும் சேர்ந்த இடம் அவருடைய மாட்டுத் தொழுவம்! கடப்பாரையால் குத்தினால் முழங்கை ஆழத்தில் ‘ணங்’ என்றது. சாணமும் செம்மண்ணும் சேர்ந்து தரை உயர்ந்ததில் கல் புதைந்து கிடந்திருக்கிறது. “இத்தன வருசமா எங்களத் திட்டித் தீத்தீகளே அண்ணே” என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அண்ணன் தலையைச் சொறிந்தார். “சரி தங்கச்சி, எல்லாருக்கும் காப்பி போடு” என்றார்.

கல்லைப் பிடுங்குவது குற்றம். ஆனால் பல கற்கள் யாரும் பிடுங்காமலே இப்படிப் புதைந்துதான் மறைகின்றன.

பத்திரத்தில் செக்குபந்தி போட்டிருக்கிறதே என்பீர்கள். கிழக்கே இன்னார் மனை, தெற்கே பொதுப்பாதை என்று இருக்கும். அந்த இன்னார் காலமாகி, மனை மூன்று கை மாறியிருக்கும். சுற்றுச்சுவரையும் நம்பாதீர்கள், அதைக் கட்டியவர் கொத்தனார், சர்வேயர் அல்ல.

விற்பவர் பட்டாதாரர் என்ற முறையில் இ-சேவை மையத்திலோ தமிழ்நிலம் இணையதளத்திலோ கட்டணம் கட்டி, அத்துக் காட்ட, அதாவது அரசு சர்வேயர் வந்து எல்லையை அளந்து காட்ட, மனுப் போடலாம். பக்கத்து நிலக்காரர்களுக்கும் நோட்டீஸ் போகும். தனியார் சர்வேயர் போடும் படம் உங்களுக்கு உதவும். அரசுப் பதிவேடு ஆகாது.

நேரம் முடிகிறது என்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். கடைசியாக, ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தில் மனையென்றால் நத்தம் ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சர்வே நம்பரில் பாதியை மட்டும் வாங்கினால் உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, அட்வான்ஸ் கைமாறும் முன்பே அளந்துவிடுங்கள். அளக்கிற அன்று வெயில் என்று பார்க்காமல் நீங்களே போய் நில்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். வாங்குகிற வீட்டில் நன்றாக இருங்கள்.