முகம் பார்த்தா வேலை?

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் இந்த மும்பையிலேயே பிறந்து படித்தவர்கள். மராத்தியும் இந்தியும் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் துணிக்கடையிலோ ஓட்டலிலோ வேலை கேட்டுப் போனால், கல்லாவுக்கு வெளுத்த முகம் தேடுகிறார்கள். நம்மவருக்குக் கிடங்கைக் காட்டுகிறார்கள். கேட்டால், "பார்க்க லட்சணமான ஆள் வேண்டும்" என்கிறார்கள். லட்சணம் என்றால் என்னவென்று எந்த முதலாளியும் எழுதித் தருவதில்லை. எழுதினால் ஊர் சிரிக்கும் அல்லவா!

இது புதிதல்ல. 1960களின் இறுதியில் இதே ஊரில் நம் லுங்கி வசைச்சொல் ஆனது. கேலி செய்தது உடையை. குறி வைத்தது நாம் பார்த்த வேலையை.

சட்டம் என்ன சொல்கிறது? மதம், சாதி, பால், பிறந்த இடம் முதலியவற்றைக் காட்டி அரசு வேலையை மறுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு. அந்தப் பட்டியலில் நிறம் இல்லை. தனியார் கடைக்கு அந்தப் பிரிவு எட்டுவதும் இல்லை. வேலையில் நிறபேதம் கூடாது என்னும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆவது உடன்படிக்கையை இந்தியா 1960லேயே ஏற்றது. ஏற்றதோடு சரி!

விமானப் பணிப்பெண்களின் வழக்குகளைப் பாருங்கள். ஏர் இந்தியாவில் ஆண் பணியாளருக்கு ஓய்வு வயது 58. பெண்ணுக்கோ 35; அதற்குமேல் நீட்டிப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம். முதல் முறை கருவுற்றாலும் வேலை போகும். 1981இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை ரத்து செய்தது. ஒருவர் மனம்போல் முடிவு செய்யும் அந்த அதிகாரமும் செல்லாது என்றது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த 4 ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை இல்லை என்ற விதியை விட்டுவைத்தது.

பிறகு எடை வழக்கு வந்தது. வயது, உயரத்துக்கு இவ்வளவு எடை என்று நிர்வாகம் அட்டவணை போட்டு வைத்திருந்தது. எடை கூடியவர்களைப் பறக்க விடவில்லை. 2008இல் டில்லி உயர் நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம் நின்றது.

வாயால் சொன்ன லட்சணத்தைக் கேள்வி கேட்கலாம். தாளில் ஏறிவிட்ட லட்சணத்தோடு மல்லுக்கட்டுவது கடினம். அதிலும் தனியாரிடம் நமக்குச் சங்கம்தான் பலம். ஆகவே வேலைக் கடிதத்தில் எடை, நிறம், முடி, மூக்குத்தி என்று ஏதாவது வரி இருந்தால், கையெழுத்துப் போடுமுன் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். 'அழகிய தோற்றம் தேவை' என்று வரும் விளம்பரங்களை வெட்டி, தேதி குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றை எடுத்துக்கொண்டு, எந்தக் கடைக்கு முதலில் போவது என்று முடிவு செய்வோம்.