பியானோவில் தோடி வருமா?
(ஆஸ்டின் டவுன் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

கண்டோன்மென்ட் பக்கத்து ஆஸ்டின் டவுனுக்குப் பியானோ புதிதல்ல. நம் அகத்துக் கூடத்துக்குத்தான் புதிது.

நான் பௌதிகம் படித்தவன். ஒரு சின்னக் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். பியானோவில் 88 கட்டைகள். ஒரு கட்டை விநாடிக்கு 440 அதிர்வு என்றால் அடுத்தது சுமார் 466. நடுவில் ஒன்றுமில்லை. தோடியின் காந்தாரமோ அப்படிப்பட்ட இடைவெளியில்தான் அசைகிறது. வீணையில் தந்தியை இழுக்கலாம். பியானோவில் சுத்தியல் தட்டியதுமே ஸ்வரம் கைவிட்டுப் போய்விடும்.

இது தெரிந்தேதான் சென்னை அனில் ஸ்ரீனிவாசன் நம் கிருதிகளை வாசிக்கிறார். சிக்கில் குருசரண் பாடும்போது கமகத்தைக் குரலுக்கு விட்டுவிட்டு, ஆதார ஸ்வரங்களையும் மௌனத்தையும் தாம் எடுத்துக்கொள்கிறார். நல்ல பாகப்பிரிவினை! 2019-ல் சென்னையின் லிடியன் நாதஸ்வரம், 13 வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் 10 லட்சம் டாலர் வென்றார். அந்த விரல் வேகம் பிரமிப்புதான். ஆனாலும் என் காதுக்கு அனிலின் நிதானமே ஒத்துவருகிறது.

தனிக் கச்சேரி என்றால் குரல் துணை கிடையாது, அங்கேதான் பரீட்சை. ஹம்ஸத்வனி ஒருவாறு வந்துவிடும். தோடி எடுத்தால் காந்தாரத்தில் காதை வையுங்கள். பக்கத்துக் கட்டையை உரசிச் சமாளிக்கிறாரா, தொடாமலே நகர்ந்துவிடுகிறாரா என்று கேட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.