ஓட்டுக் கேட்காமல் வந்த ஆசனம்
பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் கதை
(தொழிலாளர் அரசியல் வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

சட்டசபைக்குப் போக விரும்புகிறவர் என்ன செய்ய வேண்டும்? நம் தெருவுக்கு வர வேண்டும், ஓட்டுக் கேட்க வேண்டும், ஜெயிக்க வேண்டும். பிரிட்டனிலோ, பிரபுக்கள் சபை என்று ஒரு சபை உண்டு. அதில் உட்கார, பல நூற்றாண்டுகளாக ஒரு தகுதியே போதுமானதாக இருந்தது: ஒரு பிரபுவுக்கு மூத்த மகனாகப் பிறப்பது!

இந்த ஆசனம் அவர்களுக்கு எப்படி வந்தது?

நிலம் தந்த ஆசனம்

முதலில் நிலத்தால் வந்தது. மன்னனுக்குப் படையும் பணமும் தேவை. நிலமோ பெரும் பிரபுக்களின் கையில் இருந்தது. 1215-ல் அவர்கள் ஜான் மன்னனை மடக்கி மாக்ன கார்ட்டா சாசனத்தில் முத்திரை வைக்கச் செய்தார்கள். வரி போடுவதானால் எங்களைக் கலந்துகொள், பெரிய பிரபு ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் அனுப்பு என்பது அதில் ஒரு ஷரத்து. நிலத்தை உழுத பண்ணையடிமைக்குக் கடிதம் போகவில்லை. தகப்பனுக்கு வந்த கடிதம் பிறகு மகனுக்கும் வந்தது. வழக்கம் உரிமையாயிற்று. 14-ம் நூற்றாண்டில் பிரபுக்கள் தனிச் சபையாகவே பிரிந்துவிட்டார்கள்.

பட்டயமும் பணமும்

1387-ல் இரண்டாம் ரிச்சர்ட் புதுவழி கண்டான். பட்டயம் எழுதிக் கொடுத்து ஒருவரைப் பிரபுவாக்கினான். பட்டயம் கொடுக்கலாம் என்றால் விற்கவும் செய்யலாம் அல்லவா? 1616-ல் ஜான் ரோப்பர் என்பவர் பத்தாயிரம் பவுன் கொடுத்து முதலாம் ஜேம்ஸ் மன்னனிடம் பிரபுப் பட்டம் பெற்றார்.

1649-ல் புரட்சி மன்னனின் தலையை வாங்கியது; பிரபுக்கள் சபையையும் ஒழித்தது. 1660-ல் மன்னராட்சி திரும்பியது, பிரபுக்களும் திரும்பினார்கள்.

நம் நாட்டுக் கொள்ளையும் அங்கே பட்டமாயிற்று. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ், 1798 முதல் 1803 வரை சென்னையில் கவர்னர். கட்டபொம்மன் 1799-லும், மருது சகோதரர்கள் 1801-லும் தூக்கிலேற்றப்பட்டது இவர் காலத்தில்தான். ஏற்கனவே பிரபுவாக இருந்த இவரை 1804-ல் இன்னும் உயர்த்தி ‘ஏர்ல்’ ஆக்கினார்கள். 1858-ல் ஜான்சியைப் பிடித்த தளபதி ஹியூ ரோஸுக்கு 1866-ல் கொடுத்த பிரபுப் பட்டத்தில் ஜான்சியின் பெயரையே சேர்த்தார்கள்!

யாருக்காக உட்கார்ந்தார்கள்?

1842-ல் 13 வயதுக்குட்பட்ட சிறுவர்களைச் சுரங்கத்தில் இறக்கக் கூடாது என்று ஒரு மசோதா புறப்பட்டது. பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்து முன்னின்றவர் லண்டன்டெரி பிரபு. அவர் யார்? நிலக்கரிச் சுரங்க முதலாளி! சட்டமானபோது 13 என்பது 10 ஆகியிருந்தது.

1884-ல் கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கும் ஓட்டுரிமை தரும் மசோதா மக்கள் சபையில் நிறைவேறியது. பிரபுக்கள் அதை மறித்தார்கள். ஊர் ஊராக ஊர்வலங்கள் புறப்பட்டன. தொகுதிகளைப் பிரிப்பது பற்றிப் பேரம் பேசி முடித்த பிறகுதான், டிசம்பரில் வழிவிட்டார்கள்.

1900-ல் வேல்ஸின் டாஃப் வேல் ரயில்வேயில் வேலைநிறுத்தம் நடந்தது. கம்பெனியின் நஷ்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று 1901-ல் அந்தச் சபையின் நீதிபதிப் பிரபுக்கள் தீர்ப்பளித்தார்கள். தொழிலாளிகள் சந்தாவாகச் சேர்த்த பணத்திலிருந்து 23,000 பவுன் நஷ்டஈடாகப் போயிற்று. தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1906 தேர்தலில் பதில் சொன்னார்கள். அந்த ஆண்டே புதுச் சட்டம் வந்து தீர்ப்பைச் செல்லாததாக்கியது.

தானாக எழுந்தவர் யார்?

1909-ல் நிலத்துக்கு வரி போட்ட பட்ஜெட்டைப் பிரபுக்கள் நிராகரித்தார்கள். அதன் விளைவாக 1911-ல் மசோதாக்களை அடியோடு தடுக்கும் அதிகாரத்தை இழந்தார்கள். 1958-ல் ஆயுட்காலப் பிரபுக்களை நியமிக்கச் சட்டம் வந்தது. 1999-ல் 92 பேர் நீங்கலாகப் பரம்பரைப் பிரபுக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த 92-ல் இடம் காலியானால் பிரபுக்களுக்குள்ளேயே தேர்தல் நடந்துவந்தது. 2016-ல் நடந்த ஒன்றில் வேட்பாளர் ஏழு பேர், வாக்காளர் மூன்றே பேர்! மிச்சமிருந்தவர்களையும் அனுப்ப 2024-ல் மசோதா வந்தது. ஆனாலும், மக்களின் ஓட்டால் வந்தவர் என்று அந்தச் சபையில் இன்றும் எவருமில்லை, நியமனமே வாசல்.

தோழர்களே! நிலம், பட்டயம், பணம், படை என்று அவர்கள் உள்ளே போன வழிகள் பல. வெளியே வந்த வழி ஒன்றுதான்: வெளியிலிருந்து தள்ளப்பட்டார்கள். எழுநூறு ஆண்டுகளில் தானாக எழுந்து இடம் விட்ட சபை அல்ல அது. நம் கையிலுள்ள ஓட்டும், நாம் கொடுக்கும் சங்கச் சந்தாவும் எவ்வளவு விலை கொடுத்து வந்தவை என்பதை இந்தக் கதை சொல்கிறது. அவற்றை மலிவாகக் கொடுத்துவிடாதீர்கள்!