விழுங்கிய சொல்



1880களின் தொடக்கத்தில் வியன்னாவில் ஜோசஃப் ப்ராயர் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். நூலில் அவர் அன்னா ஓ.; இயற்பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். கடும் கோடையில் பல வாரங்கள் அவரால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. டம்ளரை எடுப்பார், உதட்டில் பட்டதும் தள்ளிவிடுவார். ஹிப்னாடிச நிலையில் ஒருநாள் விஷயம் வெளியே வந்தது. வீட்டிலிருந்த ஆங்கிலேயப் பெண்ணின் நாய் டம்ளரில் தண்ணீர் குடித்ததைப் பார்த்திருக்கிறார். மரியாதை கருதி வாய் திறக்கவில்லை. அடக்கிய கோபத்தைக் கொட்டியதும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று ப்ராயர் எழுதுகிறார்.

இதைப் படிக்கும் நமக்கு டீக்கடையின் இரட்டைக் குவளை நினைவுக்கு வராமல் இருக்குமா? நாய் குடித்த டம்ளரை அந்தச் செல்வந்தர் வீட்டுப் பெண் அருவருத்தார். நாம் குடித்த டம்ளரை ஊரே அருவருத்தது. அவர் மரியாதைக்காகப் பேசவில்லை. நம்மவர்கள் பேசினால் அடி விழும் என்று பேசவில்லை. அந்தத் தொண்டைகளின் கதையை எந்த மருத்துவக் குறிப்பேட்டில் தேடுவது?

ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து 1895இல் வெளியிட்ட அதே நூலில் செசிலி என்றொரு பெண் வருகிறார். முகத்தில் தீராத வலி. தோண்டிப் பார்த்தால், கணவர் சொன்ன ஒரு சொல் முகத்தில் அறைந்தாற்போல் இருந்திருக்கிறது. தமிழிலும் இப்படித்தானே சொல்கிறோம்! உடல் அந்த மரபுத்தொடரை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டது. நோய்க்குறி மொழியைப் போலக் கட்டமைந்தது என்று லக்கான் பின்னாளில் சொன்னதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒசூருக்கு வருவோம். சிப்காட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு வீட்டில் தெலுங்கு, ஊரில் கன்னடம், லைனில் தமிழ், சூப்பர்வைசரிடம் அரைகுறை இந்தி. சேரியில் பிறந்தவர். "தலையைக் குனிஞ்சு நட" என்று சிறுவயதில் கேட்டது ஒரு மொழியில். மருத்துவரிடம் "கழுத்து வலி" என்று சொல்வது வேறொரு மொழியில். இரண்டுக்கும் நடுவில் சொல் தொலைந்துபோகிறது. கையில் மிஞ்சுவது ஒரு வலி மாத்திரை.

அதற்காக, கழுத்து வலி எல்லாம் மனசுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஷிஃப்ட் முழுக்கக் குனிந்தே வேலை செய்யும் கழுத்து அது. முதலில் எலும்பையும் ரத்தத்தையும் பாருங்கள். இருக்கையையும் வேலை நேரத்தையும் பாருங்கள். 'மனநோய்' என்று முத்திரை குத்தி நஷ்டஈட்டைத் தட்டிக்கழிக்க நிர்வாகங்களுக்கு நாம் வழிசெய்து கொடுக்கக் கூடாது. ஆனால் கழுத்து ஒன்றுதான். இயந்திரத்துக்கும் குனிகிறது, ஊருக்கும் குனிகிறது. எக்ஸ்ரேயில் தெரிவது மட்டும்தான் வலி என்றால், தெரியாதது பொய்யா?

பொய் என்றுதான் பிரான்சின் மருத்துவர்கள் முடிவுகட்டினார்கள். உடம்பெல்லாம் வலிக்கிறது என்று வந்த வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்களைச் சோம்பேறிகள், நடிக்கிறார்கள் என்றார்கள். அந்தப் பார்வையைத்தான் ஃபனான் 1952இல் ஒரு கட்டுரையில் கிழித்துப் போட்டார். பிறகு அல்ஜீரியாவின் ப்ளிடா மனநல மருத்துவமனையில் அவரே மொழிபெயர்ப்பாளரை நம்பி வேலை செய்ய வேண்டியிருந்தது. நோயாளி சொன்னதற்கும் தன் காதில் விழுந்ததற்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியும்.

நாம் நடத்தும் மருத்துவ முகாம்களில் மருத்துவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க உட்காருபவர் யார்? கம்பெனி ஆளா, கான்ட்ராக்டரின் ஆளா? அவர் முன்னால் அந்தப் பெண் எதைச் சொல்வார்? தெலுங்கும் கன்னடமும் தெரிந்த நம் மாணவிகள் இங்கே இத்தனை பேர் இருக்கிறீர்கள். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு, யார் என்ன சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள் என்றும் கேளுங்கள். அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.