வீடு காலி செய்யும்போது இரண்டு தேதி, இரண்டு கையெழுத்து

(ஆலங்காயத்தில் வாடகைதாரர்களுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு ஆலங்காயத்தில், வேலை ஆம்பூரில் என்று இருக்கிறவங்களுக்கு நான் சொல்லப் போறது நல்லாவே புரியும். காலையில் ஷூ கம்பெனி வேன் ஏறினால், இருட்டின பிறகுதான் வீடு. ஒரு நாள், "அங்கேயே வீடு பார்த்துட்டா என்ன?"ன்னு தோணும். வீடும் கிடைச்சிடும். உடனே ஓனர்கிட்ட, "அண்ணே, அடுத்த மாசம் காலி பண்ணிடுறோம்"னு சொல்வோம். அவரும், "சரிம்மா, பார்த்துக்கலாம்"னு சொல்லிடுவார்.

சிக்கலே அந்தப் 'பார்த்துக்கலாம்'லதான் இருக்கு. சாமான் ஏத்துற அன்னைக்கு, "நீ எப்பம்மா சொன்னே? ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கிறேன்"னு அவர் சொன்னால், உங்க கையில் என்ன ஆதாரம் இருக்கு? அவர் பொய் சொல்றார்னு இல்லை, நிஜமாவே மறந்திருக்கலாம். ஆனால் போறது உங்க பணம்.

முதல்ல ஒரு விஷயம். ஒப்பந்தம் எதுவும் எழுதாம மாசா மாசம் வாடகை கொடுத்து வந்தால், பொதுவா அது மாத வாடகைதான். 11 மாதத்துக்கு எழுதி, முடிஞ்சதும் புதுப்பிக்காம அப்படியே இருந்தாலும் மாத வாடகை ஆயிடும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, அப்படித் தொடர்வது அதிகபட்சம் ஆறு மாதம்தான். அதுக்குள்ள புதுசா எழுதிடணும்.

மாத வாடகையை முடிக்க எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்? 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 106 சொல்றது 15 நாள். வாடகைதாரர், உரிமையாளர் இரண்டு பேருக்கும் அதே கணக்குதான். அந்த 15 நாள், நீங்க கடிதம் எழுதின தேதியிலிருந்து இல்லை, அவர் கையில் சேர்ந்த தேதியிலிருந்து ஓடும். ஜூன் 10-ஆம் தேதி சேர்ந்தால், 11-லிருந்து எண்ணி 25-ஓட முடியும். முன்னெல்லாம் நோட்டீஸ் காலம் வாடகை மாதத்தின் கடைசியில்தான் முடியணும்னு இருந்தது. 2002 டிசம்பர் 31 முதல் அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் கவனிங்க. உங்க ஒப்பந்தத்தில் 'ஒரு மாதம் முன்னதாக' என்று எழுதியிருந்தால் அதுதான் செல்லும். ஊர் வழக்கத்துக்கும் சட்டம் இடம் கொடுக்குது. அதனால் ஒரு முழு மாதம் முன்னாடியே கொடுத்துட்டால் வம்பே இல்லை.

நோட்டீஸ்னதும் வக்கீல்கிட்டதான் போகணும்னு நினைக்காதீங்க. வெள்ளைத்தாளில் நாலு வரி போதும்:

"தங்கள் வீட்டில் மாத வாடகைக்குக் குடியிருக்கும் நான், ஜூலை 31-ஆம் தேதி வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறேன். நான் கொடுத்துள்ள முன்பணம் ரூ. 12,000-ஐ, பாக்கி ஏதேனும் இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

வீட்டு முகவரி, தேதி, உங்க கையெழுத்து மூணும் கட்டாயம். இரண்டு பிரதி எடுங்க. ஒன்றை ஓனர்கிட்ட கொடுத்து, இன்னொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோட கையெழுத்து வாங்குங்க. இது முதல் தேதி, முதல் கையெழுத்து.

"நமக்குள்ள எதுக்கும்மா கையெழுத்து?"ன்னு அவர் தயங்கினால் சண்டை வேண்டாம். தபாலில் அனுப்புங்க. பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோட இணைஞ்சிட்டது. அஞ்சலகத்தில் விரைவுத் தபாலுக்கு, சேர்ந்ததற்கான சான்றும் வேணும்னு கேளுங்க. ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்க.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா? அனுப்புங்க, தப்பில்லை. ஆனால் சட்டம் கேட்பது கையெழுத்திட்ட எழுத்து. நீல டிக்கை மட்டும் நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம்.

இரண்டாவது தேதி, சாவி கொடுக்கிற நாள். அன்னைக்கு மின் மீட்டரைப் போட்டோ எடுங்க. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வர்றதால், உங்க பங்கு எவ்வளவுன்னு அந்த ரீடிங்தான் சொல்லும். சுவர், குழாய், கதவு எல்லாத்தையும் படம் எடுங்க. 'வீட்டையும் சாவியையும் பெற்றுக்கொண்டேன்' என்று ஓனர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்குங்க. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காலி வீட்டை அவர் பெற்றுக்கொண்ட ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி போக மீதி முன்பணத்தைத் திருப்பித் தரணும். அந்த ஒரு மாதம் எப்போ தொடங்கிச்சுன்னு காட்டுறது இந்தக் கையெழுத்துதான்.

வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்க காலி பண்ணச் சொன்னாலும் எழுத்தில்தான் கொடுக்கணும். நோட்டீஸ் காலம் முடிஞ்சதும் பூட்டுப் போடவோ, தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தவோ சட்டத்தில் இடம் இல்லை. அவங்க காலி செய்யலைன்னா வாடகை நீதிமன்றம்தான் வழி.

பேசியும் தீரலைன்னா 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் கூப்பிடுங்க. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் சட்ட உதவி இலவசம். வருமானம் எவ்வளவுன்னு பெண்களிடம் கேட்கவும் மாட்டாங்க.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை பண்ணுங்க. பெட்டியில் இருக்கிற வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, நோட்டீஸ் எத்தனை நாள்னு எழுதியிருக்குன்னு பாருங்க. அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்க. ஒப்பந்தமே இல்லைன்னா, எழுதி வாங்குறதைப் பத்தி ஓனர்கிட்ட பேச்சை ஆரம்பிங்க. உறவு நல்லா இருக்கும்போது பேசுறதுதான் சுலபம்.