பாடி கட்டாத பஸ்

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள்: கூரையில்லை, கண்ணாடியில்லை, வெறும் சேசிஸ். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு டிரைவர் ஓட்டிப் போவார். ஓசூரில் 1980 முதல் இயங்கும் அசோக் லேலண்ட் ஆலையில் பிறந்து, பாடி கட்டக் கரூர் போகிற வண்டிகளும் அதில் உண்டு.

பஸ் பிரியர்களுக்கு அதுதான் முதல் தரிசனம். எந்த டிப்போ, எந்தத் தடம் என்று விடாமல் தேடுவார்கள். பொதுப் போக்குவரத்தை இவ்வளவு பாசமாகக் கவனிக்கிறவர்கள் ஊருக்குத் தேவை.

சென்னையில் ஓடிய வெஸ்டிபியூல் பஸ்ஸை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். இரண்டு பெட்டிகள், நடுவே சுழல்தட்டு, சுற்றிலும் ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு. வளைவில் ஒருபக்கம் சுருங்கும், மறுபக்கம் விரியும்.

2024 ஆகஸ்டில் சென்னைக்கு வந்த தாழ்தளப் பேருந்துகளும் அசோக் லேலண்ட் தயாரிப்புதான். நிறுத்தத்தில் பக்கவாட்டில் சற்றே சாய்ந்து கொடுக்கும். சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பலகையும் உண்டு.